பத்தர் வீட்டுத் தூசியைக் காணோம்

“சார், எங்க பட்டறைத் தூசிய எவனோ திருடிக்கினு போயிட்டான்!”

புதன்கிழமை காலை ஒன்பதரை மணிக்குப் போனில் வந்த இந்த அலறலைக் கேட்டதும், துப்பறியும் பகலவன் காதில் சுண்டுவிரலை விட்டு ஒரு குடை குடைந்தார். முப்பத்துநாலு வருடம் கள்ளக்குறிச்சியில் வீடு வீடாக மீட்டர் ரீடிங் எடுத்து ஓய்வு பெற்றவர். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு நாய் கடிப்பதாக நடிக்கும் என்பது வரை அவருக்கு அத்துப்படி. அவர் மூக்கைச் சுருக்கினால் பஸ் நிலையத்தில் இரண்டு ஜேப்படிக்காரர்கள் தாமாகவே வந்து கையை நீட்டுவார்கள் என்று ஊரில் பேச்சு. பேச்சைக் கிளப்பியவரும் அவரே.

“தூசி திருட்டாம், பாப்பாத்தி.”

“அந்தத் திருடன் நம்பர் இருந்தா வாங்குங்க சார். நம்ம வூட்டுக்கும் ஒரு தபா வந்து போவட்டும்” என்றாள் பாப்பாத்தி.

பாப்பாத்தி அவருடைய உதவியாளர். கூடவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவள். இரண்டில் எது முக்கியத் தொழில் என்று கேட்டால் வாயைத்தான் காட்டுவாள்.

பத்து நிமிடத்தில் இருவரும் நகை செய்யும் தீனதயாளன் பத்தரின் பட்டறையில் நின்றார்கள்.

தரை அப்படி மின்னியது. உத்தரத்தில் போய்க்கொண்டிருந்த பல்லி, கீழே தெரிந்த தன் உருவத்தைப் பார்த்து வேறு பல்லி என்று நினைத்துச் சண்டைக்கு நின்றது. மூலையில் நூலாம்படை இல்லை. நெருப்பு மூட்டும் உமியோட்டில் சாம்பல் இல்லை. ஆனால் மேசை மேல் இரண்டு சங்கிலியும் ஒரு ஜோடி ஜிமிக்கியும் வைத்தது வைத்தபடி கிடந்தன.

“நகைய வுட்டுட்டுத் தூசிய எடுத்துக்கினு போனானா? படிச்ச திருடனா இருப்பான்” என்றாள் பாப்பாத்தி.

“உனக்குச் சிரிப்பா இருக்குதும்மா!” பத்தர் தலையில் அடித்துக்கொண்டார். “பத்தர் வூட்டுத் தூசின்னா இன்னான்னு நெனச்ச? அரத்தால ராவும்போது பொன்தூள் சிந்தும். உமிச் சாம்பலோட சேந்து தரையில கிடக்கும். அத எரிச்சு, அலசி, உருக்கித் தங்கத்த எடுப்போம். எங்க குடும்பத்துல பொண்ணுக்குத் தாலி கடைத் தங்கத்துல செய்யறதில்ல. அப்பன் கையிலருந்து சிந்தின தங்கத்துலதான் செய்யணும். எங்க அப்பா செஞ்சாரு. தாத்தா செஞ்சாரு. ஷாலினிக்கு நிச்சயம் ஆன நாள்லருந்து பதினோரு மாசம், இந்தத் தரையில துடைப்பத்தக் காட்டல.”

“கல்யாணம் எப்ப?”

“வெள்ளிக்கிழமை. இன்னிக்கு சாயங்காலம் நாலே முக்கால்லருந்து அஞ்சே முக்காலுக்குள்ள பொன்னுருக்கு. மாப்ள வூட்டுக்காரங்க உளுந்தூர்பேட்டையிலருந்து வேன்ல வர்றாங்க. அவங்க முன்னால உருக்கத் தங்கம் இல்லன்னா கல்யாணமும் இல்ல. தெய்வமே வேணாம்னு சொல்லுதுன்னு எடுத்துக்க வேண்டியதுதான்.”

இதைச் சொல்லும்போது பத்தரின் முகத்தில் முக்கால் பங்கு சோகமும் கால் பங்கு நிம்மதியும் இருந்ததைப் பகலவன் கவனித்தார். கதவோரம் நின்ற மகள் ஷாலினியின் கண்ணில் குளம் கட்டியிருந்தது. கோமுகி அணை அளவுக்கு.

“மாப்பிள்ளை பேரு இன்னாங்க?” என்று கேட்டாள் பாப்பாத்தி.

“பையன்.”

“பையன்னு ஒரு பேரா?”

“வெவசாயக் குடும்பத்துப் பையன். தங்கத்தோட அருமை அவனுக்கு எங்க தெரியப் போவுது? பொண்ணு அழுதா, ஒத்துக்கினேன். அவ்ளோதான்.”

பதினோரு மாதமாகப் பத்தர் அந்தப் பெயரை உச்சரித்ததில்லையாம். உச்சரித்தால் முழுச் சம்மதம் ஆகிவிடும் என்று பயம். பத்திரிகை அச்சடிக்கக் கொடுத்தபோதுகூடப் பெயரைச் சீட்டில் எழுதி நீட்டினாராம்.

பகலவன் பூட்டைப் பார்த்தார். கீறல் இல்லை.

“காலையில எங்க போயிருந்தீங்க?”

“வடக்கனந்தல் கோயிலுக்கு. சாமிகிட்ட பத்திரிகை வைக்க நானும் ஷாலினியும் அஞ்சரைக்குப் போனோம். ஒம்போதுக்கு வந்தோம்.”

“சாவிய மீட்டர் பெட்டி மேல வச்சுட்டு.”

பத்தர் இரண்டடி பின்வாங்கினார். “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“இந்த ஊர்ல மீட்டர் பெட்டி இருக்கறதே சாவி வைக்கத்தான். கரண்டு அப்பால வந்தது. இந்த இடம் யார் யாருக்குத் தெரியும்?”

“எனக்கும் ஷாலினிக்கும்தான்.”

ஷாலினி நகத்தைக் கடித்தாள். “தேட வேணாம்பா” என்றாள் மெல்ல. “கடையிலயே வாங்கிக்கலாமே.”

“வாயை மூடு!”

பகலவன் சுவர் அலமாரிப் பக்கம் போனார். ஷாலினியின் பள்ளிக்கூடப் போட்டோ ஒன்று கண்ணாடிச் சட்டத்தில் நின்றது. மற்ற சாமான்களெல்லாம் வெறும் சுத்தம். இது மட்டும் பளபளவென்று, மூச்சுக் காற்று விட்டுத் துணியால் துடைத்த சுத்தம். ஓரத்தில் ஒரு கட்டைவிரல் எண்ணெய் ரேகை.

“திருடனுக்கு ரசனை இருக்குது சார்” என்றாள் பாப்பாத்தி.

வெளியே ஒரு பெண் குரல் தெருவைத் தூக்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக் கமலா. பட்டறை ஜன்னலுக்கு நேர் கீழே பாயில் காயப்போட்ட அவளுடைய கூழ்வத்தல் முழுக்கச் சாம்பல் பூத்திருந்தது.

“ஆறரை மணிக்கு உள்ள மிக்ஸி ஓடற மாதிரி சத்தம்! கதவத் தட்டறேன், யாருக்கும் காது கேக்கல. வந்து பாத்தா வத்தலு விபூதி பூசிக்கினு கிடக்குது!”

பாப்பாத்தி ஒரு வத்தலை எடுத்துக் கடித்துப் பார்த்தாள். “உப்பு ஜாஸ்தி. தங்கம் இல்ல சார்.”

அதற்குள் பகலவன் மேசைக்கடியில் தவழ்ந்து கறுப்பாக எதையோ எடுத்துவிட்டார். ரப்பர் வளையம். வளையல் அளவு. ஓரிடத்தில் வெட்டி, சைக்கிள் பஞ்சர் பசை போட்டு ஒட்டியிருந்தது.

“குக்கர் கேஸ்கட்டு” என்றாள் பாப்பாத்தி. “சின்னதா வெட்டி ஒட்டினது. இதுக்குன்னே ஊர்ல கீற பழைய கேஸ்கட்ட எல்லாம் வாங்கிக்கினு போற ஆளு ஒண்ணே ஒண்ணுதான். என் ஆட்டோல மூட்டை மூட்டையா ஏத்திக்கினு வருவாங்க. துருகம் ரோடு தேவிப்ரியா.”

“வண்டிய எடு!”

* * *

தேவிப்ரியாவின் கொட்டகை ஓர் அரிசி மில்லுக்குப் பின்புறம் இருந்தது. உள்ளே பிரிக்கப்பட்ட, பிரிக்கப்படாத, இனிமேல் யாராலும் சேர்க்க முடியாத மோட்டார்கள் குவிந்து கிடந்தன. நடுவில் ஸ்குரூ டிரைவரைக் கொண்டையில் செருகியபடி முப்பது வயதுப் பெண் ஒருத்தி. கையில் பிடித்துத் தூசி உறிஞ்சும் பேட்டரி வேக்குவம் கிளீனர் செய்கிறவள். வளையத்தைப் பார்த்ததும் துள்ளினாள்.

“இது என் மிஷின்ல கீழ்க் கப்புக்குப் போட்டதாச்சே! எங்க சார் கிடைச்சுது?”

“முதல்ல இதுக்கு இன்னா வேலைன்னு சொல்லும்மா.”

கேட்டிருக்கக் கூடாது. தேவிப்ரியா ஜன்னலைத் திறந்து மில் கூரையைக் காட்டினாள். அங்கே ஆள் உயரத்துக்கு ஒரு தகரக் கூம்பு, தலைகீழாக நின்றது.

“கடையில விக்கிற கை வேக்குவத்துல தூசியும் காத்தும் ஒண்ணா போய்த் துணி ஃபில்டர்ல மோதும். அஞ்சு நிமிஷத்துல துணி அடைச்சுக்கும். காத்து போவ வழி இல்ல. அப்பால சத்தம் மட்டும் போடும், வேலை செய்யாது.”

“எங்க மச்சான் மாதிரி” என்றாள் பாப்பாத்தி.

“அந்தக் கூம்புல பாருங்க. தவிடும் காத்தும் பக்கவாட்டுல உள்ள நுழைஞ்சு சுத்தி சுத்தி வரும். கனமானது ஓரத்துல மோதிக் கீழ வுழுந்துடும். காத்து மட்டும் நடுவுல மேல ஏறிப் போயிடும். அதையே உள்ளங்கை அளவுக்குக் கொண்டாந்தேன். ஆனா கீழ்க் கப்புல ஊசி முனை ஓட்டை இருந்தாக்கூட வெளிக் காத்து கீழருந்து புகுந்து, வுழுந்த தூசிய மறுபடி மேல தூக்கிடும். அத அடைக்கத்தான் இந்த வளையம். நாலு மாசமா இதோட மல்லுக்கட்டறேன்.”

“வளையம் இல்லாம ஓட்டினா?”

“கப்புல ஒண்ணியும் தங்காது. எல்லாம் ஃபில்டருக்குப் போயிடும்.”

“ஃபில்டர் எங்க?”

தேவிப்ரியா கொடியைக் காட்டினாள். கைக்குட்டைக்குப் பக்கத்தில் ஃபில்டர் காய்ந்துகொண்டிருந்தது.

“நேத்து துவைச்சுப் போட்டேன். என் மெக்கானிக் அஜித்து, கூம்பே போதும்கான்னு வெறும் மிஷின எடுத்துக்கினு போனான். கல்வராயன் மலையில, வெள்ளிமலைல, சாமை அரைக்கிற மில்லுல ஓட்டிக் காட்டறதுக்கு. ஏழரை பஸ்ஸு.”

ஆறரைக்குப் பட்டறையில் மிக்ஸி சத்தம். ஏழரைக்கு மலை பஸ். பகலவன் மூக்கைச் சுருக்கினார். பஸ் நிலையத்தில் என்ன நடந்ததோ, தெரியாது.

“கப்புல தங்காது, ஃபில்டரும் இல்ல. அப்ப உறிஞ்சின தூசி எந்தப் பக்கமா வெளிய வரும்?”

தேவிப்ரியா தலையைச் சொறிந்தாள். “அது ஒரு சின்னத் தப்பு சார். காத்து வெளிய போற வாய், மிஷின புடிச்சிருக்கறவன் மூஞ்சியப் பாத்து இருக்குது. அடுத்த மிஷின்ல பக்கவாட்டுல திருப்பிடுவேன்.”

பகலவன் ஒரு சுற்று நடந்தார். கண்ணை மூடினார். திறந்தார்.

“உமிச் சாம்பல் லேசு. ஜன்னல் வழியா பறந்து கமலா வத்தல் மேல உக்காந்துக்கிச்சு. தங்கம் கனம். அந்தக் காத்துல ஒண்ணரை அடிக்கு மேல பறக்காது. ஒண்ணரை அடியில இன்னா இருக்குது, பாப்பாத்தி?”

“புடிச்சிருக்கறவன் மூஞ்சி” என்ற பாப்பாத்தி, தானே சொன்னதைக் கேட்டு வாயைப் பொத்தினாள். “சார்! அப்ப கல்யாணத் தங்கம் முழுக்க அந்த ஆளு தலையிலயா?”

“ஒட்டிக்கினு நிக்குமா, உதிர்ந்துடுமா? அதான் கேள்வி.”

“நிக்கும் சார்” என்றாள் தேவிப்ரியா. “தினம் தலைக்குக் கால் லிட்டர் தேங்காய் எண்ணெய் வைக்கிற ஆளு. மீசைக்குத் தனியா விளக்கெண்ணெய். அவன் தலையில ஈ உக்காந்தா எழுந்திரிக்காது.”

“போன் போடு.”

“மலை மேல டவர் எடுக்காது. இன்னொண்ணு சார்…” அவள் குரல் இறங்கியது. “மலைக்குப் போனா மேகம் அருவியில குளிக்காம அவன் இறங்கினதே இல்ல.”

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பதினோரு மாதப் பொன், ஷாலினியின் கல்யாணம், எல்லாம் ஒரு ஷாம்பூ பாக்கெட் தூரத்தில் நின்றன.

தேவிப்ரியா கொடியிலிருந்த ஃபில்டரைப் பிடுங்கி, வளையத்தோடு பகலவன் கையில் திணித்தாள். “ரெண்டையும் மாட்டி ஓட்டிப் பாருங்க சார். லீக்கு நிக்குதான்னு சொல்லுங்க!”

* * *

உலகத் துப்பறியும் வரலாற்றில் குற்றவாளியைத் துரத்தும் வழியில் எட்டு இடத்தில் ஆள் ஏற்றி இறக்கிய ஒரே துரத்தல் இதுவாகத்தான் இருக்கும்.

“பாப்பாத்தி, நாம அவசரமா போய்க்கினுகீறோம்!”

“அவசரம்னா சீட்டு காலியா போவணுமா சார்? கச்சிராயபாளையம், வெள்ளிமலை! உக்காருங்கண்ணா. கோழிய மட்டும் சார் மடியில வைங்க, அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு.”

மலை ஏறத் தொடங்கியதும் ஷேர் ஆட்டோ இருமியது. பகலவன் இரண்டு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கித் தள்ளினார். கோழியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டே தள்ளினார் என்பது குறிப்பிடத்தக்கது. ஒன்றேகால் மணிக்கு வெள்ளிமலை மாவு மில் வாசலில் வண்டி நின்றது.

வாசலில் ஒரு கூட்டம். கூட்டத்தின் நடுவே ஒரு வெளிச்சம்.

வெளிச்சம் என்றால் சாதாரண வெளிச்சம் அல்ல. உச்சி வெயில் அவன் தலையில் பட்டுத் தெறித்ததில் எதிர்ப்புளியமரத்துக் காக்கைகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. நெற்றியில் மினுக்கு. காதோரம் மினுக்கு. இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட மீசை, சாமி சிலைக்கு வைத்த கவசம் போல ஜொலித்தது. முன் வரிசையில் நின்ற ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டே நின்றிருந்தார். இவ்வளவுக்கும் காரணமானவன் தன் மிஷினைத் தட்டித் தட்டிப் பார்த்தபடி, “காலைலருந்து கப்புல ஒண்ணியும் வுழலயே” என்று முனகிக்கொண்டிருந்தான். பிறகு மிஷினை மில் திண்டில் வைத்தான். தோளில் துண்டைப் போட்டான். சட்டைப் பையிலிருந்து ஷாம்பூ பாக்கெட்டை எடுத்துப் பல்லால் கடித்தான்.

“ஷாம்பூவைக் கீழ போடு!” பகலவனின் குரல் மலை முழுக்க எதிரொலித்தது. “ரெண்டு கையையும் தூக்கு! தலைய ஆட்டாத!”

அஜித் அப்படியே நின்றான். பாக்கெட் பல்லிடுக்கில் தொங்கியது.

“யாருங்க நீங்க?”

“காலையில ஆறரை மணிக்குத் தீனதயாளன் பத்தர் பட்டறையில இருந்தது நீதானே?”

“ஆமாங்க” என்றான் அவன், கொஞ்சமும் அசராமல். “சுத்தம் பண்ணேன். அங்க அவ்ளோ தூசி! ஆனா அதிசயம் பாருங்க, கப்பத் திறந்தா காலி. அவ்ளோ தூசி எங்கதான் போச்சோ!”

பாப்பாத்தி தன் ஆட்டோவின் பக்கக் கண்ணாடியைக் கழற்றிவந்து அவன் முன்னால் பிடித்தாள். அஜித் பார்த்தான். வலப்பக்கம் திரும்பிப் பார்த்தான். இடப்பக்கம் திரும்பிப் பார்த்தான்.

“நல்லாத்தான்கீறேன்” என்றான்.

“அடுத்தவங்க வூட்டுப் பூட்டத் திறந்து சுத்தம் பண்ண நீ யாருய்யா?” என்று அதட்டினாள் பாப்பாத்தி.

அவன் வெட்கப்பட்டான். தங்கம் பூசிய முகம் வெட்கப்பட்டால் எப்படி இருக்கும் என்பதை அன்று வெள்ளிமலை பார்த்தது. பையிலிருந்து மஞ்சள் தடவிய ஒரு உறையை எடுத்துப் பணிவாக நீட்டினான்.

“உங்களுக்கும் ஒண்ணு வச்சுக்கறேன். அவசியம் குடும்பத்தோட வந்துடணும். வெள்ளிக்கிழமை.”

பாப்பாத்தி பிரித்தாள். “மணமகள் ஷாலினி… மணமகன்…” அவள் தலை நிமிர்ந்தது. “சார்! திருடன்தான் மாப்பிள்ளை!”

“போட்டோவத் துடைச்சிருந்ததப் பாத்தப்பவே தெரிஞ்சுது எனக்கு” என்றார் பகலவன்.

“தெரிஞ்சிருந்தா வழியில சொல்லியிருக்கலாமில்ல? கோழி காதுல வுழுந்துடும்னு பயமா?”

விஷயத்தைச் சொன்னதும் அஜித் மில் திண்டில் பொத்தென்று உட்கார்ந்தான். தலையை ஆட்டக் கூடாது என்பது நினைவுக்கு வந்து, கழுத்தை மட்டும் விறைத்துக்கொண்டு அழுதான்.

“எங்க வூட்ல தரை தூசியா இருந்தா எங்கம்மா துடைப்பத்தால அடிக்கும் சார். பட்டறை குப்பையா கீது, அப்பா பெருக்க வுட மாட்றாரு, உங்க வூட்டாளுங்க வந்தா வெக்கமா இருக்கும்னு ஷாலினி சொல்லுச்சு. சாவி இருக்கற இடத்த நான்தான் கேட்டு வாங்கினேன், எதுக்குன்னு அதுகிட்ட சொல்லல. எங்க சனம் மாமாவ ஒரு சொல்லு சொல்லிடக் கூடாதுன்னுதான் போனேன். அது தங்கம்னு யாரு கண்டது?”

பகலவன் மணியைப் பார்த்தார். ஒன்றரை. மிஷினை எடுத்துக் கீழ்க் கப்பில் வளையத்தை அழுத்தி, ஃபில்டரைப் பொருத்தினார். அஜித்தின் துண்டையே அவன் தலையில் சுற்றி முடிச்சுப் போட்டார்.

“இனிமே நீ மனுஷன் இல்ல. நகைப் பெட்டி. வண்டில ஏறு.”

* * *

இறக்கத்தில் பாதி தூரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பாப்பாத்தி பிரேக் போட்டாள்.

“கச்சிராயபாளையமா? ஏறுங்கக்கா.”

ஏறியவள் பெயர் செவ்வந்தி. மடியில் ஒரு தூக்கு. அப்போதுதான் அரைத்த மிளகாய்த் தூள், சூடாக, மூடி இல்லாமல். அஜித்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுத்த வளைவில் வண்டி குலுங்கியது.

அஜித்தின் மூக்கு நுனி துடித்தது.

“தும்மாத!” என்று கத்தினார் பகலவன்.

“சார்… வருது…”

“அடக்கு! மீசையில அரைத் தாலி கீது!”

“அ… அ…”

முப்பத்துநாலு வருடம் ஓடும் மீட்டரைப் படித்த கை அது. கண்ணிமைப்பதற்குள் மிஷினின் வாயை மீசைக்குக் கீழே பதித்துப் பொத்தானை அழுத்தினார்.

“…அச்சூ!”

அந்தத் தும்மலில் ஆட்டோவின் மேல் கித்தான் ஒரு முழம் எழும்பி உட்கார்ந்தது என்று பாப்பாத்தி இன்றைக்கும் சத்தியம் செய்வாள். ஆனால் ஒரு துகள் வெளியே போகவில்லை. மிஷின் சீராக இரைந்தது. பகலவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கப்பைத் தூக்கி வெயிலில் காட்டினார். மேலே சிவப்பாக மிளகாய்த் தூள். அதற்குக் கீழே, அடியில் படிந்து, ஒரு சிட்டிகை மினுமினுப்பு.

“வளையம் புடிச்சுக்கிச்சு!” என்று கூவினார். “லீக்கு இல்ல!”

“என் மிளகாத்தூளு?” என்றாள் செவ்வந்தி.

“கல்யாணத்துக்கு வாங்கக்கா, குழம்புல போட்டுத் தர்றோம்” என்றாள் பாப்பாத்தி.

அப்படியே தலையையும் உறிஞ்சிவிடலாம் என்று முயன்று பார்த்தார்கள். ஒரு துகள் அசைய வேண்டுமே! எண்ணெய் அப்படி. பகலவனும் பாப்பாத்தியும் கண்ணாடியில் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வேறு வழி ஒன்று இருந்தது. அதை அஜித்திடம் யார் சொல்வது என்பதில்தான் அடுத்த இருபது கிலோமீட்டர் போயிற்று.

* * *

நாலு ஐம்பதுக்குப் பட்டறையில் துண்டு அவிழ்ந்தது.

பத்தர் முதலில் தங்கத்தைப் பார்த்தார். அப்புறம்தான் அதற்குக் கீழே இருந்த ஆளைப் பார்த்தார்.

“பையன்!” என்றார். “நீதானா? என் பொண்ணு தாலிய நீயே…”

“அவரு பெருக்கினது உங்க மானத்தக் காப்பாத்த” என்று பகலவன் குறுக்கே விழுந்து, மலையில் கேட்டதை அப்படியே ஒப்பித்தார். “அவங்க சனம் வந்து உங்கள ஒரு சொல்லு சொல்லிடக் கூடாதாம்.”

பத்தர் தரையில் வெள்ளை வேட்டியை விரித்தார். கத்தரியும் சவரக் கத்தியும் எடுத்தார். அஜித் புரிந்துகொண்டான்.

“மீசைய மட்டும் வுட்டுடுங்க மாமா. கல்யாண போட்டோ…”

“பாக்கலாம்.”

தலைமுடி கொத்துக் கொத்தாக வேட்டியில் விழுந்தது. ஒவ்வொரு கொத்தும் டிங் என்று விழுந்ததாகப் பாப்பாத்தி சொல்வாள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். உருக்கும் கிண்ணமான மூசையில் போட்டு எரித்ததில் கிளம்பிய எண்ணெய் வாடைக்கு மூன்று தெரு நாய்கள் வாசலில் கூடின. கப்பிலிருந்த சிட்டிகையும் சேர்ந்தது. வெண்காரம் போட்டுப் பத்தர் ஊதினார். மூசைக்குள் ஒரு சிவந்த கண் விழித்தது. எடுத்து ஆறவைத்துத் தராசில் வைத்தார்.

“ஒரு குன்றிமணி கம்மி.”

எல்லோர் பார்வையும் ஒரே இடத்துக்குப் போயிற்று. முறுக்கிய மீசை அங்கே ஜொலித்துக்கொண்டிருந்தது. மணி ஐந்து பதினைந்து. தெருமுனையில் வேன் ஹாரன் கேட்டது. ஷாலினி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அஜித் ஒரு தடவை மீசையைத் தடவிக்கொடுத்தான். பிறகு கண்ணை மூடி முகத்தை நீட்டினான்.

“எடுங்க மாமா.”

பத்தர் கத்தியோடு அப்படியே நின்றார். மொட்டைத் தலை. மூடிய கண். கண்ணிலிருந்து ஒரு சொட்டு இறங்கி மீசையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பதினோரு மாதமாகத் தொண்டையில் நின்றது, அப்போது வெளியே வந்தது.

“அஜித்து” என்றார் பத்தர். “ஆடாம உக்காரு. மேல் உதடு, வெட்டிக்கப் போவுது.”

ஷாலினி விசும்பினாள். இரண்டு நிமிடத்தில் மீசை மூசைக்குப் போயிற்று. இந்தத் தடவை தராசுத் தட்டு தரையைத் தொட்டது.

அதே நேரம் முடி வாடை தாங்காமல் துடைப்பமும் கையுமாக உள்ளே நுழைந்த கமலா, “இன்னா இது, தரையெல்லாம் மயிரு!” என்று ஒரு வீச்சுக்கு ஓங்கினாள். ஐந்து பேர் ஒரே குரலில் போட்ட கூச்சலில் துடைப்பம் அவள் கையிலிருந்து தெருவுக்கே போய் விழுந்தது. வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த அஜித்தின் அம்மா அதைக் குனிந்து எடுத்தாள். உள்ளே எட்டிப் பார்த்து, “மொட்டைத் தலையா உக்காந்துகினுகீறாரே, அவரு யாருங்க?” என்று கேட்டாள்.

பத்தருக்கு அது காதில் விழவில்லை. லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு மருமகனின் முகத்தருகே குனிந்திருந்தார்.

“புருவத்துல இன்னும் கொஞ்சம் மின்னுதே” என்று கத்தரியைத் தூக்கினார்.

ஷாலினி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தாலிக்குப் போதும்பா. அது அங்கியே இருக்கட்டும்.”